கப்பல் ஜாபிதா

எங்கள் வீட்டில் மகாளய அமாவாசையன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும்போது, என் ஆயா ஒவ்வோர் இலைக்கும் நேரே நின்று அதற்குரியவரை உறவுமுறை சொல்லி வாய்விட்டு அழைப்பாள். எல்லோரையும் அழைத்து முடித்த பின்னும் உடனே கற்பூரம் ஏற்றிவிடாமல், சற்று நேரம் பேசாமல் நிற்பாள். அந்த மௌனம் யாரைப் பற்றியது என்பது சிறு பிராயத்தில் எனக்குத் தெரியாது. என் பாட்டனாரின் தகப்பனாருக்கு ஒரு தமையனார் இருந்தார் என்றும், அவர் விரோதி வருஷம் ஆவணி மாதத்தில் வீட்டைவிட்டுப் போய்க் கப்பலேறினார் என்றும், அவரை இறந்தவர்களோடு சேர்த்து அழைக்கலாகாது என்று அந்த வீட்டில் ஒருத்தி இட்ட ஆணை, அவள் காலத்துக்குப் பின்னும் மீறப்படாமல் இருந்து வருகிறது என்றும் ஆயா எனக்குச் சொன்னது தன் கடைசி ஆண்டுகளிலேதான்.

அந்த ஒருத்தி கப்பலேறியவரின் மனைவி. பதினாறு பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்து, புருஷனோடு இரண்டு வருஷம் இருந்து, பிள்ளையில்லாமல் நின்றுவிட்டவள். ஆயா மருமகளாக அந்த வீட்டுக்குள் அடியெடுத்து வைத்தபோது அவளுக்கு ஐம்பது கடந்திருந்தது. நெற்றியில் குங்குமமும் கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறும் வெள்ளிக்கிழமைதோறும் தலையில் ஒரு கிள்ளு பூவுமாக, மாட்டுக் கொட்டகைக்கும் களத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். வீட்டில் சிறியோர் பெரியோர் அனைவரும் அவளைப் 'பெரியவங்க' என்றே அழைத்தார்கள். புருஷனைப் பற்றி அவளிடம் யாரும் பேச்செடுப்பதில்லை. அவளாகவே பேசியது அபூர்வம். ஆயாவிடம் ஒருமுறை பேசியிருக்கிறாள். வலது முழங்காலுக்குக் கீழே ஏர்க்கொழு பட்டு ஆறிய தழும்பு ஒன்று அவருக்கு உண்டு, எங்கே பார்த்தாலும் அதை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்று சொன்னாளாம்.

ஆகவே என் கையில் இருந்தவை மூன்றே: ஒரு வருஷத்தின் பெயர், ஒரு தழும்பு, 'நெட்டால்' என்று ஊரார் வழங்கிய, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்னும் ஒரு தேசத்தின் பெயர். நம்மவர் காலத்தை எண்ணிய முறை அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் சக்கரம் ஆதலால், பிரபவ முதல் அட்சய ஈறாக உள்ள அந்தப் பெயர்களைக் கிறிஸ்து சகாப்தத்தின் எண்களோடு பொருத்தும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். விரோதி என்பது 1889 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு. ஆனால் விரோதிகிருது என்று வேறோர் ஆண்டும் உண்டு. அது 1911இல் தொடங்கியது. பேச்சு வழக்கில் வால் அறுந்து அதுவும் விரோதியாகிவிடக் கூடும். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை இந்திய சர்க்கார் 1911 ஜூலை முதல் தேதியோடு நிறுத்திவிட்டபடியால், அந்த ஆண்டின் ஆவணியில் யாரும் அவ்வாறு கப்பலேறியிருக்க முடியாது என்று தெரிந்தபோது, என் தேட்டத்தின் முதல் முடிச்சு அவிழ்ந்தது. அவர் போனது 1889 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேதான். தாது வருஷத்துப் பெரும் பஞ்சம் தீர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பஞ்சத்தில் பிள்ளைகளாக இருந்து பிழைத்தவர்கள் வாலிபர்களாகி, பங்கு போட்டால் ஒருவருக்கும் போதாத நிலத்தின் வரப்பில் நின்றுகொண்டிருந்த காலம்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860 அக்டோபர் 12ஆம் தேதி புறப்பட்ட 'டுரூரோ'. நவம்பர் 16ஆம் தேதி அது டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரையில் 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் அங்கே போய் இறங்கினர்; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங், பின்னர் ஆண்டுக்கொரு ஷில்லிங் உயர்வு, அரிசியும் பருப்பும் உப்பும் படியாக அளக்கப்படும், எஜமானின் எழுத்துமூலமான சீட்டின்றித் தோட்டத்தின் எல்லையை விட்டு அகலலாகாது, அகன்றால் அது குற்றம். ஐந்தாண்டு கழித்து மேலும் ஐந்தாண்டு அத்தேசத்தில் கழித்தவர்க்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல். அந்த ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் மக்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. பிற்காலத்துக் கப்பல்களில் பல உம்வோட்டி, உம்லாஸி, பொங்கோலா என்று நேட்டாலின் ஆறுகளுடைய பெயர்களைத் தாங்கியிருந்தன. பாலாற்றங்கரையிலும் செய்யாற்றங்கரையிலும் பிறந்தவர்கள், தாம் இனிக் குடிக்கப்போகும் நீரின் பெயரைக் கப்பலின் மேலேயே முதலில் கேட்டிருப்பார்கள்.

இவ்வாறு போனவர்கள் ஒவ்வொருவரும் ஜாபிதா என்னும் பெயர்ப் பட்டியலில் ஏறியிருக்கிறார்கள். இதை நான் அறிந்த நாளில் எனக்கு உண்டான உணர்ச்சியை வியப்பென்று சொல்வதா, பயமென்று சொல்வதா என்று இன்றும் தெரியவில்லை. அந்தப் பெரும் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்துச் சரித்திர ஆசிரியை ஜாய் பிரெயின் அவற்றைக் கணினியில் ஏற்றும் பெரும்பணியை முன்னின்று நடத்தினார். அஷ்வின் தேசாய், குலாம் வாஹெத் ஆகிய இருவரும் இத்தகைய ஆவணங்களிலிருந்து தனித்தனி மனிதர்களின் ஜீவிய விருத்தாந்தங்களை மீட்டு எழுதியிருக்கின்றனர். ஒவ்வொரு வரியின் தலையிலும் ஓர் எண் உண்டு. குடியேற்ற எண் என்று அதைச் சொல்லலாம். கப்பலை விட்டு இறங்கியவனுக்கு அத்தேசத்தில் முதற்பெயர் அதுவே. பிறகு அவன் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண் பெண் என்ற குறிப்பு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலின் அடையாளங்கள். அதன் பின் எந்த எஜமானிடம் விடப்பட்டான் என்பது. கடைசியில் குறிப்புக்கென்று விட்ட இடம்: ஊர் திரும்பினான் என்றோ, இறந்தான் என்றோ, ஓடிப்போனான் என்றோ சில சொற்கள்; பெரும்பாலான வரிகளில் ஒன்றுமே இல்லை.

இந்த ஜாபிதாவைப் படிக்கப் புகுகிறவன் முதலில் தன் தாய்மொழியின் எழுத்துக்களை மனத்தில் ஓடவிட்டுக்கொண்டே படிக்க வேண்டும். சொன்னவன் தமிழன், கேட்டெழுதியவன் ஆங்கில எழுத்தையே அறிந்தவன் அல்லது அதற்கே பழகியவன். லகர ளகர ழகர பேதமும் தகர டகர பேதமும் குறில் நெடிலும் அந்த எழுத்தில் கரைந்துபோயின. வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆகியது நாம் சரித்திரப் புத்தகத்தில் படித்ததே. தொண்டை மண்டலத்தில் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். அந்தத் தாங்கலில் முடியும் ஊர்ப்பெயர்கள் வந்தவாசிச் சீமையில் எத்தனையோ உண்டு. ஜாபிதாவில் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிதைந்து கிடக்கின்றன. மனிதர் பெயர்களுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய மாறுதல். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கில்லை; இருந்தாக வேண்டும் என்று அத்தேசத்து உத்தியோகஸ்தர் கருதினர். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் அவ்வாறே. ஜாதிப் பட்டம் சொல்லாதவர்க்கு, அல்லது சொல்ல விரும்பாதவர்க்கு, தகப்பன் பெயரோ சொந்தப் பெயரோ சந்ததியின் பெயராக உறைந்துவிட்டது. ஜாதி என்ற கட்டத்தில் காணும் சொல்லை நான் நம்புவதில்லை. பிறந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த அந்தச் செய்தியைத் தெரியாதவர்களிடம் முதன்முறையாகச் சொல்ல நேர்ந்தவன், தான் விரும்பியதைச் சொல்லியிருக்கலாம். அவன் சொன்னதை எழுதியவன் தனக்கு விளங்கியதை எழுதியிருக்கலாம்.

எங்கள் முன்னோரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் வழியில் வந்தவர்கள் நேட்டாலில் வாழ்கிறார்கள். அவர்கள் சம்மதம் கேட்காத ஒன்றை அச்சில் ஏற்றுவது முறையன்று. அந்தப் பெயர் வட ஆர்க்காட்டு ஜில்லாவில் தெருவுக்கு நான்கு பேருக்கு இட்ட பெயர் என்று மட்டும் சொல்கிறேன். 1889இன் பிற்பகுதியில் சென்னையிலிருந்து போனவர்களில் அதே பெயரும் அதே தகப்பன் பெயரும் உடையவர் இருவர் இருந்தனர். ஒருவருக்குத் தாலுகா ஆர்க்காடு, உடலில் அடையாளம் ஒன்றும் இல்லை. மற்றவருக்குத் தாலுகா வந்தவாசி, வயது இருபத்திரண்டு, உயரம் ஐந்தடி நான்கங்குலம், ஊரின் பெயர் எங்கள் ஊராகவும் இருக்கலாம், வேறு இரண்டு ஊர்களாகவும் இருக்கலாம் என்னும்படி எழுதப்பட்டிருந்தது. அடையாளம் என்ற கட்டத்தில், இடது கணைக்காலில் தழும்பு.

பெரியவங்க சொன்னது வலது கால். இந்த ஒரு சொல்லின் முன்னே நான் பல நாள் நின்றேன். இரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள், நாற்பது வருஷம் நினைவில் வைத்திருந்தவள், தவறாகச் சொல்வாளா? எழுதுவதே தொழிலாகக் கொண்ட உத்தியோகஸ்தன் தவறாக எழுதுவானா? கடைசியில் எனக்குத் தோன்றியது இது: ஒருவனை எதிரே நிறுத்தி வைத்துப் பார்க்கிறவனுக்கு அவன் வலக்கால் தன் இடப்பக்கத்திலே இருக்கும்; ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களை நிறுத்திப் பார்த்து எழுதியவன் தன் பக்கத்தையே எழுதியிருக்கலாம். அவளோ அந்தக் காலை எதிரே நின்று பார்த்தவள் அல்லள். அருகே இருந்து எண்ணெய் இட்டவளாயிருப்பாள். நான் அவள் சாட்சியத்தையே ஏற்றேன். ஏற்றதற்கு வேறு ஆதாரமும் பின்னால் கிடைத்தது என்றாலும், அது கிடைக்காதிருந்தாலும் ஏற்றிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அந்தத் தழும்பைச் சர்க்கார் ஏன் எழுதி வைத்தது என்பதை எண்ணும்போது மனம் கசக்கிறது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக, ஒருவன் எண்ணை மற்றொருவன் சொல்லித் தப்பிவிடாமல் இருப்பதற்காக. விலை கொடுத்து வாங்கிய மாட்டுக்குச் சுழியும் மச்சமும் குறித்து வைப்பதுபோலவே குறித்தார்கள். ஆயினும் அதே குறிப்புத்தான், நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தைக் கடந்து, ஒரு மனைவியின் ஞாபகத்தோடு போய்ப் பொருந்துகிறது. எழுதியவனுடைய நோக்கமும் எழுத்தினால் விளையும் பயனும் வேறு வேறாகிவிடுவதை நம் கல்வெட்டுகளிலும் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை எந்த எந்த ஊர்த் தளியிலிருந்து கொணர்ந்தான் என்பதையும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் வைத்தான் என்பதையும், ஒருத்திக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல் என்பதையும் பெயர் பெயராகக் கல்லில் வெட்டுவித்தது நெற்கணக்குக்காக. இன்று அந்த நெல் இல்லை, வீடு இல்லை. நானூறு பெண்களின் பெயர் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிற்கின்றன. தொறு மீட்டுப் பட்டவனின் பெயரைக் கல்லில் இட்டு ஊரார் நட்டு வைத்தவை. ஆநிரை மீட்கச் செத்தவனுக்குக் கல். அறத்துக்கு ஆடு விட்டவனுக்குக் கல்வெட்டு. பசிக்குப் பயந்து கப்பலேறியவனுக்குப் பிறந்த மண்ணில் ஒன்றுமில்லை. அவன் பெயரை வைத்திருப்பவர்கள் அவனை வாங்கியவர்களே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்ற இலாகாவின் கட்டுகள் இருக்கின்றன. அடிபட்டவர்களும் படி அளக்கப் பெறாதவர்களும் கூலி பிடிக்கப்பட்டவர்களும் 'புரொடெக்டர்' எனப்பட்ட பாதுகாவல் உத்தியோகஸ்தரிடம் சென்று முறையிட்டதை மொழிபெயர்ப்பாளன் சொல்ல, எழுத்தன் எழுதிய வாக்குமூலங்கள் அவை. முறையிடுவதற்காகத் தோட்டத்தைவிட்டு நடந்து வந்ததே குற்றமாகித் தண்டிக்கப்பட்டவர்களும் உண்டு. டர்பனில் உள்ள நண்பர் ஒருவர் எனக்காக அந்தக் கட்டுகளில் எங்கள் முன்னோரின் எண்ணைத் தேடினார். இல்லை. அவர் அடிபடவில்லை என்று நான் இதிலிருந்து கொள்ள மாட்டேன். முறையிடவில்லை என்பது ஒன்றே இதிலிருந்து தெரிவது. ஓடியவனும் எதிர்த்தவனும் காகிதத்தில் நான்கு பக்கம் பெறுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாண்டும் கரும்பு வெட்டியவனுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. பொறுமைசாலிகளின் சரித்திரத்தை எழுத விரும்புகிறவன் இந்த வெற்றுக் கட்டங்களின் முன்னே உட்கார்ந்து, அநுமானம் செய்யலாகாத இடத்தில் அநுமானம் செய்யாமல் இருக்கப் பழக வேண்டியிருக்கிறது.

இனி எங்கள் வீட்டுக் காகிதத்துக்கு வருகிறேன். சொல்லக் கஷ்டமான பகுதி இதுவே. கப்பல் ஜாபிதாவைப் பார்த்த பின், வீட்டில் அவரைப் பற்றி ஏதேனும் எழுத்து உண்டா என்று பழைய பெட்டியைக் கிளறியதில், விளம்பி வருஷம் தை மாதம், அதாவது 1899 தொடக்கத்தில், பதிவு செய்யப்பெற்ற ஒரு பத்திரத்தின் நகல் அகப்பட்டது. தமையனார் தேசாந்தரம் போய் ஒன்பது வருஷத்துக்கு மேலாகியும் இன்னவிடத்தில் இருக்கிறாரென்று தகவல் இல்லாதபடியால் அவர் இறந்துபோனதாகவே கொண்டு, அவருக்குரிய பாதிப் பங்கான நன்செய் புன்செய்களை என் பாட்டனாரின் தகப்பனார் தம்முடையதாகவே அநுபவித்துக்கொள்ளவும், தமையனாரின் மனைவிக்கு ஆயுள் வரையில் அன்ன வஸ்திரம் கொடுத்து வரவும் ஏற்பாடு செய்துகொண்டது அந்தப் பத்திரம். 1872ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, உயிரோடிருந்தால் செய்தி கேட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருஷமாக ஒருவனைப் பற்றி ஒன்றும் கேட்டிராவிட்டால், அவன் உயிரோடிருக்கிறான் என்று சொல்லுகிறவனே அதை நிரூபிக்க வேண்டும் என்றது. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இந்தச் சட்டத்தை அறிந்தே எழுதியிருக்கிறார்.

ஏழு என்ற எண்ணையும் பத்து என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேட்டால் சட்டப்படி அவருக்கு இலவசக் கப்பல் கிடைக்கப் பத்தாண்டு நிறைய வேண்டும். இந்தியச் சட்டப்படி அவர் இறந்தவராக ஏழாண்டு போதும். கூலியாக இருந்த ஒருவன், எழுதத் தெரியாதவன், எழுதத் தெரிந்தவனைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் அனுப்பவில்லையென்றால், தான் திரும்பி வரும் உரிமையை அடைவதற்கு மூன்றாண்டு முன்பே தன் ஊரில் செத்தவனாகிவிடுகிறான். இந்த இரண்டு சட்டங்களை இயற்றியவர்கள் ஒருவரை ஒருவர் நினைத்து இயற்றியவர்கள் அல்லர்; ஆனால் அவற்றின் நடுவே அகப்பட்டு எத்தனை காணி நிலம் கைமாறியிருக்கும் என்று நான் பல இரவு எண்ணியதுண்டு. நான் படித்ததும் உண்டதும் அந்த நிலத்தின் நெல்லினால். என் பாட்டனாரின் தகப்பனார் வஞ்சகர் என்று நான் சொல்ல மாட்டேன்; அண்ணன் வருவார் என்று ஒன்பது வருஷம் பார்த்தவர் அவர், அண்ணிக்குக் கடைசி வரையில் சோறு போட்டவர். ஆனாலும் அண்ணனைத் தேடி ஒரு காகிதம் சென்னைக்குப் போட்டதாக எந்தச் சுவடும் இல்லை. சென்னையில் குடியேற்ற உத்தியோகஸ்தரின் ஆபீசில் அவர் எண் இருந்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

பத்திரம் பதிவான அன்று அந்த வீட்டில் தாலி அறுத்திருக்க வேண்டும். சாஸ்திரமும் வழக்கமும் அதையே சொல்லும். அவள் இணங்கவில்லை. நிலத்தை எழுதிக்கொள்ளுங்கள், இதைத் தொடாதீர்கள் என்று சொல்லிக் கயிற்றைப் பற்றிக்கொண்டாள் என்று ஆயா, தன் மாமியார் சொல்லக் கேட்டிருந்தாள். எழுத்தறியாத அந்தப் பெண் சட்டத்தின் அநுமானத்தை மறுத்தாள்; உயிரோடிருக்கிறார் என்று நிரூபிக்கும் பாரம் தன்மேல் விழுந்தபோது, நிரூபிக்க வழியில்லாமல், முப்பத்துச் சொச்சம் வருஷம் அதைக் கழுத்திலே சுமந்தாள். ஆங்கீரச வருஷத்தில் அவள் இறந்தபோது மஞ்சள் பூசிக் குங்குமமிட்டுச் சுமங்கலியாகவே எடுத்துக்கொண்டு போனார்கள், அவள் கேட்டுக்கொண்டபடியே.

நேட்டாலிலிருந்து நண்பர் அனுப்பிய இரண்டாவது காகிதம் 1896ஆம் ஆண்டு மணப் பதிவின் படி. குடியேற்ற எண் ஒன்றே. ஆகவே ஆள் ஒன்றே. ஒப்பந்தம் முடிந்து சுயாதீனராக இருந்த அவர் அங்கே ஒரு பெண்ணை மணந்துகொண்டார். முன்பே மணமானவர் என்ற குறிப்பு அதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் ஓர் எண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஜாபிதாவுக்குத் திரும்பிப் போனால், அவள் வரி முழுமையாக நிற்கிறது: பெயர், தகப்பன் பெயர், வயது, தென்னார்க்காட்டு ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், வலது புருவத்தின் மேல் மச்சம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது ஏறினாலன்றிக் கப்பல் புறப்படலாகாது என்று விதி இருந்தபடியால், பெண்களைத் தேடித் திரட்டினார்கள். திரட்டியவர்களை ஆண்களைப் போலவே கட்டம் கட்டமாக எழுதினார்கள். ஜாபிதாவில் அவள் யாருடைய மனைவியாகவும் மகளாகவும் வரவில்லை, தனியாளாக வந்திருக்கிறாள். ஏன் தனியாக வந்தாள், எதைவிட்டு வந்தாள் என்பதற்குக் கட்டம் இல்லை. அவள்மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. யாருமில்லாத தேசத்தில் ஒருவனுக்கு அவள் வீடாக இருந்தாள். எங்கள் பெட்டியில் இருந்த பத்திரம் பதிவானபோது அவர்களுடைய தலைமகனுக்கு இரண்டு வயது.

மூன்றாவது காகிதம் மரண அறிவிப்பு. சொத்து எவ்வளவு சிறிதானாலும் இறந்தவரைப் பற்றிய விவரங்களை ஒரு படிவத்தில் எழுதிச் சுப்ரீம் கோர்ட்டின் 'மாஸ்டர்' என்ற அதிகாரியிடம் கொடுப்பது அத்தேசத்தில் அக்காலத்து முறை. வம்சாவளி தேடுவோர்க்கு இதைவிடச் சிறந்த ஆவணம் அங்கே இல்லை. கரும்பை விட்ட நம்மவர் பலர் டர்பனைச் சுற்றி ஆற்றோரத் தாழ்நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு, விடியுமுன் தலைச்சுமையாகவும் வண்டியிலும் நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றுப் பிழைத்தனர். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி அந்தத் தோட்டங்களையும் மனிதர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த அக்டோபரில் இன்ஃபுளூயன்சா வந்தது. எங்கள் முன்னோர் வெள்ளத்துக்குத் தப்பினார், காய்ச்சலுக்குத் தப்பவில்லை. 1918 அக்டோபர் 16. குத்தகை நிலம் இரண்டு ஏக்கர், ஒரு வண்டி, இரண்டு பசு, பிள்ளைகள் ஐவர். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'மதராஸ்' என்று மட்டும் இருக்கிறது. தகப்பன் பெயர், தாய் பெயர் என்ற இரு கட்டங்களிலும், தெரியாது என்று எழுதி மூத்த மகன் கையெழுத்திட்டிருக்கிறான். அவருடைய சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டபடியால், அதற்கு மேற்பட்ட தலைமுறை அந்த வீட்டில் அறவே மறைந்துவிட்டது. ஊரைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசாதிருந்ததற்கும் அவர் வீட்டில் எங்களைப் பற்றிப் பேசாதிருந்ததற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்; அந்தக் காரணம் வெள்ளிக்கிழமைதோறும் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தது.

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்ததில், அந்தத் தேதி காளயுக்தி வருஷம் புரட்டாசி மாதம் வளர்பிறை ஏகாதசி. திதி தெரியாதவர்களுக்குரிய மகாளய அமாவாசையைவிட்டு, தமக்கென்று ஒரு நாளை எங்கள் முன்னோர் இப்போது பெற்றுவிட்டார். அதே கணக்கில், பெரியவங்க பதினான்கு வருஷம் அறியாமலே கைம்பெண்ணாக இருந்தாள் என்பதும் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. ஊரும் சர்க்காரும் என்ன எழுதி வைத்திருந்தாலும், அவள் சுமங்கலியாகவே போனாள்.

நண்பர் மூலமாக, அவருடைய வழிவந்தவர்களில் முதியவர் ஒருவருக்கு நான் கடிதம் எழுதினேன். தமிழ் பேசத் தெரியாத குடும்பம். கோயிலில் தேவாரம் மட்டும் ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுவார்கள் என்று அறிந்தேன். ஆகவே விவரங்களை ஆங்கிலத்தில் எழுதி, ஊரின் பெயரையும், அவர்களுடைய படிவத்தில் தெரியாது என்று விடப்பட்ட தகப்பனார் பெயரையும் தாயார் பெயரையும் மட்டும் பெரிய தமிழ் எழுத்தில் தனித் தாளில் எழுதி வைத்தேன். பத்திரத்தைப் பற்றி எழுதினேன். அவர்களுடைய பாட்டனாரின் பங்கை நாங்கள் உண்டோம் என்பதை மறைக்கவில்லை. பெரியவங்களைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். நூறு வருஷத்துக்கு முன் இறந்த தம் பாட்டி இரண்டாவதாக வந்தவள் என்று கேட்க அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்பது ஒரு பக்கம். இவ்வளவும் தேடி அவளை மட்டும் விட்டுவிட்டால் அவளுக்கு நாம் செய்வது என்ன என்பது மற்றொரு பக்கம். எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிலத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தங்கள் வீட்டுப் படையலில் அந்த அம்மாளுக்கும் ஓர் இலை போட விரும்புவதாகவும், அழைப்பதற்கு அவள் பெயர் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

பத்திரத்தை மறுபடியும் எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அதில் அவள் 'மேற்படியாரின் பாரியாள்'. ஆயாவும் இப்போது இல்லை. ஊரில் தொண்ணூறு கடந்த இருவரைப் போய்க் கேட்டேன். அவர்களும் பெரியவங்க என்றே சொன்னார்கள். அவள் பிறந்த ஊர் செய்யாற்றுக்கு அக்கரை என்பதற்குமேல் தெரியவில்லை. அவள் பெயர் எங்களிடம் இல்லை என்று டர்பனுக்கு எழுதிவிட்டேன்.